காட்டுப்பூவும் தோட்டத்துப்பூவும்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். இட்டேரி வண்டித்தடத்தின் ஓரத்தில் புங்கமரம் பூத்துக் கொட்டியிருந்ததைப் பார்த்து, வண்டியை நிறுத்தி ஆண்டவருக்கு நன்றி சொன்னதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவருக்கு வண்டியை நிறுத்த நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படம் வரும், அதன்மேல் ஒரு வசனம். இந்த மாதம் முழுக்க 'வசந்த காலத்துக்காக நன்றி சொல்வோம்' என்று வருகிறது. நமக்கு ஏது அண்ணா வசந்தம்? பங்குனி வந்தால் தகரக்கூரை காய்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. என் அம்மா சத்தியமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வீட்டுக்காரருடைய சபைக்குப் போகிறேன். அங்கே பெண்கள் பூ வைப்பதில்லை, நகை போடுவதில்லை. பதினோரு வருடமாக நானும் வைப்பதில்லை. மூக்குத்தியையும் கழற்றிவிட்டேன். அம்மா வரும்போதெல்லாம் நாலு முழம் மல்லி கட்டிக்கொண்டு வருவார். நான் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவேன். போன வாரம் கேட்டேவிட்டார்: "ஏங்கண்ணு, உன்ற சாமிக்குப் பூவே ஆகாதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. எங்கள் லைன் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிமென்ட் வெடிப்பில் ஒரு செடி முளைத்திருக்கிறது. தரையோடு படர்கிறது. நீளக் காம்பு, நுனியில் ஒரே ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளையாக ஐந்தாறு இதழ். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அதன் பெயர் என்ன?

ஒரு வாசகி,
திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஓய்வுபெற்றவனின் சாவகாசம் அதில் இருக்கத்தான் செய்கிறது. அதனால் இந்த முறை புங்கமரத்தை விட்டுவிட்டு என் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில், ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர், அதாவது நூற்கும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொள்பவர். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். இரவு ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலையில் வந்தால் குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படி ஒரு ஞாயிறு ஆயர் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை வாசித்தார். "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள், அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை." தூங்கி வழிந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பக்கம் குனிந்து, "அப்ப நூத்தவனுக்கு என்னடா?" என்றார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. சிரித்துவிட்டேன், பின்வரிசையில் இருந்து ஒரு பாட்டி முறைத்தார். இப்போது உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அதே கேள்வி திரும்ப வந்து நிற்கிறது.

இந்த வசனத்தை வேறு ஊரில் வாசிப்பது வேறு, கொங்கு நாட்டில் வாசிப்பது வேறு. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், 1862இல், இதே ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியவர், பக்தியுள்ள கிறிஸ்தவர். அவர் காதில் 'நூற்கிறதுமில்லை' என்ற வரி எப்படி விழுந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குறும்பான ஆசை உண்டு. 1932இல் நீலகிரியில் இருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. எங்கள் தலைமுறைக்கு விடிவதும் பொழுது சாய்வதும் ஆலைச் சங்குதான். அப்புறம் உங்கள் ஊர் வந்தது. உலகத்துக்கே உடுத்தத் தைத்து அனுப்புகிற ஊர். 'சாலொமோன் முதலாய்த் தன் சர்வ மகிமையிலும் இவைகளில் ஒன்றைப்போலாகிலும் உடுத்தியிருந்ததில்லை' என்று அடுத்த வரி வருகிறதே, அதை ஒன்றரை ஷிப்ட் முழுக்கப் பிசிர் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்டால் என்ன தோன்றும்?

நம் ஆட்களுக்கு உண்மையான மதம் உழைப்புதான் என்று நான் நினைக்கிறேன். கோயில், மசூதி, சர்ச் எல்லாம் அதற்கு அப்புறம். திண்ணையில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்னங்க, சோலி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில், வேலையே செய்யாத ஒரு பூவைக் காட்டி இதைக் கவனி என்று சொன்னால் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த வசனத்தில் ஒரு சொல் இருக்கிறது. சென்னைக்காரர் அதை வாசித்தால் நழுவவிட்டுவிடுவார், நாம் நழுவவிடக் கூடாது. காட்டுப்புஷ்பம். காடு என்றால் மற்றவர்களுக்கு யானை, புலி. நமக்கு மானாவாரி நிலம். "அம்மா எங்கே?" என்றால் "காட்டுக்குப் போயிருக்காங்க" என்போம். கிணறு இருந்து தண்ணீர் பாய்ந்தால் அது தோட்டம். மழையை மட்டும் நம்பிக் கிடந்தால் காடு. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் வயலைத்தான் குறிக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் நம்மை மனதில் வைத்துச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தும் கொங்குக் காதோடு கேட்டால் அந்தச் சொல் சரியான இடத்தில் போய் விழுகிறது. கலிலேயாவின் சரிவுகளில் குளிர்கால மழை முடிந்து, பிப்ரவரி மார்ச்சில் சிவப்பு சிவப்பாக அனிமோன் பூக்கும். இயேசு காட்டியது அதுவாக இருக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். எந்தப் பூவாக இருந்தாலும் தண்ணீர் கட்டாத நிலத்துப் பூ. வெயில் ஏறினால் காய்ந்து அடுப்புக்குப் போகிற பூ. 'இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பிலே போடப்படும் காட்டுப்புல்' என்று அவரே சொல்கிறார். பருத்திமார் எரித்த அடுப்பில் சோறு தின்று வளர்ந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

நமக்கு ஏது வசந்தம் என்று கேட்டீர்கள். வாழ்த்து அட்டையில் வருகிற வசந்தம் நமக்கு இல்லைதான். பனி உருகி மொட்டு விடுவது இங்கிலாந்தின் கதை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைச் சொல்லும் லெந்து என்கிற சொல்லே பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது. அங்கே அப்போதுதான் பகல் நீளும். வேதாகமத்தின் வசந்தம் அது இல்லை. உன்னதப்பாட்டில் பாருங்கள்: "இதோ, மாரிகாலம் சென்றது, மழைபெய்து ஒழிந்தது. பூமியிலே புஷ்பங்கள் காணப்படுகிறது." மழை முடிந்து வருகிற பூக்காலம். ஐப்பசி கார்த்திகையில் பெய்து ஓய்ந்த பிறகு தையில் காடெல்லாம் மஞ்சளாக ஆவாரை பூக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூ. பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பறித்து வருகிற பூ. வீட்டில் ஜெபம் ஒரு பக்கம் நடந்தாலும் என் அக்கா ஒரு வருஷம்கூட அந்த நோம்பியைத் தவறவிட்டதில்லை. அப்பாவும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

பங்குனி சித்திரையில் பூப்பவை வேறு ரகம். புங்கமும் வேம்பும் இலையைக் கொட்டிவிட்டு, தளிரோடு சேர்த்துப் பூவையும் விடும். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அவற்றின் வேர் மட்டும் எங்கேயோ ஆழத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில்தான் வரும். அதனால் பெரிய வெள்ளிக்கிழமை எனக்கு எப்போதும் வேப்பம்பூ வாசனைதான். பன்னிரண்டு மணியில் இருந்து மூன்று மணி வரை ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பிரசங்கம், மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பும். நான்காவது வார்த்தை தாண்டும்போது ஜன்னல் வழியாக அந்த வாசனை உள்ளே வரும். தேன் மாதிரி, கொஞ்சம் கசப்போடு. பிரசங்கங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

சரி, நேரத்துக்கு வருகிறேன். உங்கள் கோபமே அதில்தான் இருக்கிறது. கவனித்துப்பாருங்கள் என்றால் அதற்கு நேரம் வேண்டும். அப்பாவுக்கு அந்த நேரம் கிடைத்தது ஆலை மூடியபோது. ஒரு நாள் காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கிராஜுவிட்டி வர வருஷக்கணக்கில் ஆனது. பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போய்க் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டிருந்தார். அந்த வருஷம் பெரியப்பா கொஞ்சம் பருத்தி போட்டிருந்தார். ஒரு நாள் நான் போனபோது அப்பா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பருத்திப்பூ முதல் நாள் வெளிர் மஞ்சளாக விரியும். மறுநாள் ரோஸ் நிறமாக மாறிச் சுருங்கிவிடும். அப்புறம் உதிர்ந்து காய் தெரியும். மூன்றும் ஒரே செடியில் இருந்தன. "முப்பது வருஷம் பஞ்சோட கெடந்தேன். இது இப்படிப் பூக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் நன்றி சொன்னாரா, ஜெபித்தாரா, எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நூற்காத பூ, ஆனால் அவர் நூற்றதெல்லாம் அதன் வயிற்றில் இருந்து வந்தது. தான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததாக அவர் நினைத்திருப்பார் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி எழுத மாட்டேன். வேலை போனதற்கு அந்தப் பூ ஈடாகாது.

அதனால் நன்றியோடு இருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ரோஜாப்பூப் படங்களில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அவற்றில் எந்தப் பூவும் யாரும் வளர்த்த பூவாகத் தெரிவதில்லை. வானத்தில் இருந்து நேராகப் போனுக்குள் இறங்கியது போல இருக்கிறது. உங்கள் அம்மாவின் மல்லி அப்படி வருவதில்லை. அது தோட்டத்துப்பூ. கார்த்திகைக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். வெட்டிய செடியைப் பார்த்தால் இனி துளிர்க்குமா என்று இருக்கும். பங்குனியில் மொக்கு வந்தால் விடிவதற்குள் பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் சந்தையில் விலை இல்லை. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் பறிக்க வேண்டும். மார்கழிப் பனியில் மொக்கே இருக்காது, அப்போது விலை ஏறிக் கிடக்கும். பூ கொட்டுகிற காலத்தில் விலை படுத்துவிடும். அதே சந்தைப் பூதான் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் தீமிதிக்கும் போகிறது, எங்கள் ஈஸ்டர் பீடத்துக்கும் வருகிறது.

அதை வாங்கப் போகிறவன் நான்தான், பல வருஷமாக. அடித்து விலை பேசுவேன். கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துவிட்டுப் பெருமையாகக் கொண்டுவந்து, சம்பங்கியும் மல்லியும் பீடத்தில் வைத்து, நன்றிப் பாட்டுக்கு எல்லாரோடும் எழுந்து நிற்பேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

இனி அம்மாவின் கேள்வி. உங்கள் சபையின் வழக்கத்தை எதிர்த்து நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். முன்பாக இருந்தால் சொல்லியிருப்பேன். பேதுரு முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் மயிரைப் பின்னுவது, பொன்னாபரணம், உயர்ந்த வஸ்திரம் என்றுதான் இருக்கிறது, பூ என்ற சொல் இல்லை என்று வாதாடுவேன். வாதம் சரிதான். ஆனால் என் சித்தி ஒருத்தி என் வாயை அடைத்துவிட்டாள்.

சித்தப்பா இறந்தபோது சித்திக்கு இருபத்தாறு வயது. எங்கள் சபையிலேயே, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவள் தலையில் இருந்த பூவை எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூ வைத்த தலைகளுக்கு நடுவில் பூ இல்லாத ஒரு தலையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷம் கழித்து உங்கள் சபை மாதிரி ஒரு சபைக்குப் போய்ச் சேர்ந்தாள். குடும்பத்தில் பெரிய சண்டை. ஏன் போனாய் என்று பிற்பாடு ஒரு நாள் கேட்டேன். உபதேசம், அபிஷேகம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "அங்க யாருமே பூ வெக்கறதில்ல கண்ணு. அதனால நான் தனியாத் தெரியறதில்ல" என்றாள்.

அதற்கு அப்புறம் நான் யாரிடமும் அந்த வாதத்தை எடுப்பதில்லை. பூ வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். வைக்காததால் உங்கள் விசுவாசம் கூடிவிட்டதாகவும் நினைக்கவில்லை, வைத்தால் குறைந்துவிடும் என்றும் நினைக்கவில்லை.

ஆனால் அம்மா கேட்டது தலையில் வைப்பதைப் பற்றி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டோடு எழுந்து, குனிந்து பறித்து, விற்றது போக நல்ல மொக்காக எடுத்துக் கட்டி, சத்தியமங்கலத்தில் இருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தது ஃபிரிட்ஜ் மேலே போகிறது. அவர் கேட்டது அதைத்தான்.

உங்கள் சாமிக்குப் பூ ஆகும். தோட்டமும் ஆகும். யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தில், அவரைச் சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று இருக்கிறது. அவரை வைத்தது அந்தத் தோட்டத்தில். அடுத்த அதிகாரத்தில் மகதலேனா மரியாள் வருகிறாள். எப்போது? அதிக இருட்டோடே. மல்லி பறிக்கிற நேரம். பின்னால் ஒருவர் நிற்பதைப் பார்த்து, தோட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாள். அழுத கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை என்று எல்லாப் பிரசங்கியும் சொல்வார்கள். எனக்கு அவள் செய்தது தப்பாகவே தெரியவில்லை. அந்த நேரத்தில் தோட்டத்தில் வேறு யார் இருப்பார்கள்? தண்ணீர் கட்டுகிறவரோ பூப் பறிக்கிறவரோதான் இருப்பார். அவரும் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை அதைத் திருத்தவில்லை.

இதை அம்மாவிடம் உங்கள் பேச்சில் சொல்லிப் பாருங்கள். அதைவிட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு விடியற்காலை அவரோடு பறிக்கப் போங்கள். லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். உயிர்த்த ஞாயிறு அன்று முடிந்தால் நல்லது, ஆராதனைக்கு நேரமாகிவிட்டால் ஆகட்டும். கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். நாலு முழத்தை வாங்கி மேசைமேல் ஒரு தட்டில், அவர் கண்ணெதிரே வையுங்கள். சபை அதற்கு எதுவும் சொல்லாது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, மாடியில் இருக்கிற செடி. நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது வெட்டுக்காயப் பூண்டு. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்து, யாரும் நடாமல் ஊரெல்லாம் பரவியது. இதழ்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றின் நுனியும் மூன்றாகப் பிளந்திருக்கும். விரலில் கத்தரி பட்டால் இலையைக் கசக்கிச் சாறு விடுவார்கள், அதனால் அந்தப் பெயர். தண்ணீர் ஊற்றாத இடத்தில் வந்திருக்கிறது, ஆகவே நம் ஊர்க் கணக்கில் அசல் காட்டுப்பூ.

அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. மூக்குத்திப்பூ. அதை மட்டும் உங்கள் பாஸ்டரிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்